ஆள் இருக்கிற வாசல்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பால் வண்டி ஓட்டும் பச்சமுத்து அண்ணன் சொன்னார். அவருக்கு அவருடைய மச்சான் சொல்லியிருக்கிறார். மச்சான் மலைப்பாதையில் பாதி வழியில் இருக்கிற ஒரு லேஅவுட்டுக்குக் கொத்து வேலைக்குப் போகிறவர், அவரும் டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டவர்தான். அதனால் இதில் எவ்வளவு உண்மை என்று அன்று காலை எனக்குத் தெரியாது. அந்த லேஅவுட்டில் ஆள் இல்லாத ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்திருக்கிறார்கள். ஒருவன் பிடிபட்டிருக்கிறான். எந்த வீட்டில் ஆள் இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு அவன் சிரித்தானாம். "எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல லைட்டு எரியுது, ஒரே நேரத்துல அணையுது சார். குடியிருக்கிற சனங்க அப்படியா இருப்பாங்க?" என்றானாம். அண்ணன் பால் வண்டியை அணைக்காமலேயே இதைச் சொல்லி முடித்தார். "டைமர் வச்சிருந்தாங்களாம் கண்ணு. மிஷினுக்கு என்ன தெரியும், ஆறு மணின்னா ஆறு மணி. உங்க நகர்ல எப்படி, மேனேஜரம்மா?" என்றார். நான் மேனேஜர் இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. "எங்க நகர்ல டைமர் இல்லண்ணா. நான்தான் கையால போடறேன், கையால அணைக்கிறேன்" என்றேன். "அதான பாத்தேன், படிச்ச புள்ள" என்று சொல்லிவிட்டு, ரயில்வே அம்மாவுக்கான பால் பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் வளைவில் மறைந்த பிறகு ரோட்டில் நானும் பாக்கெட்டும்தான்.

பாக்கெட் குளிர்ந்து கை விறைக்கிறது. பையில் போட்டால் கோலமாவு டப்பாவில் ஈரம் பட்டுவிடும், அதனால் கையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறேன். எங்கள் நகரில் எல்லாம் லீவு வீடுகள், பொங்கல் லீவுக்கு வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். போன வாரம் இந்த ரோட்டில் கார் நிறுத்த இடமில்லை, ஷட்டில்காக் பந்து ஒன்று என் தலையில் விழுந்தது, ஒரு சின்னப் பெண் "ஸாரி ஆன்ட்டி" என்றாள். எனக்கு இருபத்துமூன்று வயது. இன்றைக்கு பனியில் சில்வர் ஓக் மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிகிறது, வீடுகளின் கேட் மட்டும் தெரிகிறது, மேலே ஒன்றுமில்லை. டைமர் இல்லை என்று நான் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அது சரியில்லை. யாரோ ஒருவர் வீடு உடைந்திருக்கிறது, நான் பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரி தப்பாக எழுதியதைப் பார்த்தவள் போல நிம்மதி அடைகிறேன். ஆனாலும் டைமர் இல்லைதான். வாட்ச்மேன் வைப்பதற்கு வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை, என்னை வைப்பதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். சங்கத்தின் செயலாளர் தண்டபாணி சார் சேலத்தில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். "ஆள் இருக்கிற மாதிரி இருக்கணும்மா. அவ்வளவுதான் உன் வேலை. ஆள் இருக்கிற மாதிரி." பி.காம். முடித்தவளுக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் பி.காம். என்றால் என்ன என்பதே நான் படித்துத்தான் தெரிந்தது. அப்பா காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிறார். வேலை கிடைத்தது என்று சொன்ன அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "ஆபீஸ்ல உனக்கு நாற்காலி இருக்கா?" நான் இருக்கிறது என்றேன். பொய்யில்லை. எந்த வீட்டு வராந்தாவிலும் பிரம்பு நாற்காலி இருக்கிறது. நான் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

முதல் வீடு 'மழைத்துளி'. விளக்கை அணைத்தேன், சருகு கூட்டினேன், தண்ணீர் தெளித்தேன், கோலம் போட்டேன். கொடியில் துணி போட வேண்டும். தண்டபாணி சாரின் மனைவி ஒரு மூட்டைப் பழைய துணி கொடுத்திருக்கிறார், காலி வீடுகளின் கொடிகளில் காயப்போட. ஆண் சட்டை, நைட்டி, துண்டு, மஞ்சள் கவுன் ஒன்று. காய்ந்த துணியையே மறுபடி நனைத்துப் போடுகிறேன். உலர்ந்த துணி கொடியில் ஆடுகிற விதமும் நனைந்த துணி தொங்குகிற விதமும் வேறு என்று எனக்கே தோன்றியது, யாரும் சொல்லவில்லை. மஞ்சள் கவுனைத் திங்கட்கிழமை இந்த வீட்டில் போட்டால் அடுத்து வேறொரு காலி வீட்டில் போடுவேன். ஒரே வீட்டில் அதே கவுன் தினமும் தொங்கினால் சந்தேகம் வரும். வாசல் செருப்பும் அப்படித்தான், ஒரு நாள் ஜோடியாக, ஒரு நாள் ஒன்று கவிழ்ந்து. கவிழ்ந்து கிடந்தால் யாரோ அவசரமாக உள்ளே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ யார் என்று சில நேரம் யோசிப்பேன். மஞ்சள் கவுன் போடுகிற குழந்தைக்கு இப்போது என்ன வயதிருக்கும், காலேஜ் போயிருக்கும். ஆனால் இங்கே அது இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை, ராத்திரியெல்லாம் படுக்கையில் மூத்திரம் போய்விடுவதால்தான் கவுனை இத்தனை தடவை துவைக்கிறார்கள் போலிருக்கிறது. நானே சிரித்துக்கொண்டேன். என் சிரிப்பு வராந்தாவில் கேட்டது, உடனே நிறுத்திவிட்டேன். ஒரு நாள் முழுக்க நான் பேசுவது பச்சமுத்து அண்ணனோடும் ரயில்வே அம்மாவோடும் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் வாய் மூடியே இருக்கிறது, சாயங்காலம் வீட்டில் முதல் வார்த்தை பேசும்போது குரல் கட்டிக்கொண்டிருக்கும்.

ரயில்வே அம்மா என்று அண்ணன் சொல்வது குமுதவல்லி மேடத்தை. எங்கள் நகரில் வருஷம் முழுக்க இருப்பவர் அவர் ஒருவர்தான், ஏற்றத்தின் கடைசி வீட்டில். சேலம் ஜங்ஷனில் முன்பதிவுக் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வேலை பாத்த காலமெல்லாம் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து ஊரையே ஊருக்கு அனுப்பி வச்சேன். நான் எங்கயும் போகல" என்பார். வீடு மகன் வாங்கியது, லீவுக்கு வந்து தங்க. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். "லீவு வீட்டைப் பூட்டிப் போட்டா திருட்டுப் போயிடும்னு என்னைக் கொண்டாந்து வச்சிருக்கான். ஆள் இருக்கிற மாதிரி இருக்கணும்ல? நீயும் நானும் ஒரே உத்தியோகம்தான்டி. உனக்குச் சம்பளம் வருது, எனக்குப் போன் வருது." இதைச் சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார், நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் குனிய முடியாது. "குனிஞ்சா நிமிர மாட்டேன், நிமிர்ந்தா குனிய மாட்டேன். நம்ம வாசலுக்கும் ஒரு கோலம் போட்டுட்டுப் போயேன். வெறும் வாசலைப் பாத்தா எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு" என்று கேட்டார். அவர் வீடு என் வேலையில் சேராது, காலி வீடு இல்லையே. ஆனாலும் போடுகிறேன். கோலம் போடுகிறவரை வராந்தாவில் நின்று பேசிக்கொண்டே இருப்பார், அதற்காகவே நான் மெதுவாகப் போடுவதும் உண்டு.

இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. சாவிக் கொத்து பைக்குள் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போடுகிறது. இந்தச் சாவிகளைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் பயம். ஒரு வீட்டில் ஒரு டம்ளர் காணாமல் போனாலும் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? சாவி யாரிடம் இருக்கிறதோ அவளை. தோட்டத்துக் கூலியாட்களின் லைன் வீட்டில் இருந்து வருகிறவளை. கீழே அந்த லேஅவுட்டில் சாவி வைத்திருந்தவர் யார்? அவரை ஸ்டேஷனில் எத்தனை நேரம் உட்கார வைத்தார்கள்? அண்ணனிடம் கேட்க மறந்துவிட்டேன். அம்மா அழுவாள், அப்பா தோட்டத்து உடுப்போடு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார், நாற்காலி இருந்தாலும் உட்காரமாட்டார். இல்லை, எங்கள் நகரில் ஒன்றும் நடக்காது. நாங்கள் டைமர் வைக்கவில்லை. நான் தினமும் ஒரே நேரத்தில் விளக்குப் போடுவதில்லை, முதல் வீட்டில் போட்டுக் கடைசி வீட்டுக்கு வருவதற்குள் நேரமாகிவிடும், சில நாள் மேலிருந்து தொடங்குவேன், சில நாள் கீழிருந்து. துணி மாற்றுகிறேன். செருப்பு மாற்றுகிறேன். ஒரே நேரத்தில் எரியுது, ஒரே நேரத்தில் அணையுது. எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறான் அந்தத் திருடன். நான் படித்த காலேஜில் இருந்திருந்தால் நல்ல மார்க் வாங்கியிருப்பான். எங்கோ ரோட்டோரம் உட்கார்ந்து, பீடி பிடித்துக்கொண்டு, வீடுகளைப் பார்த்து, எது ஒரே மாதிரி இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறான். எது ஒரே மாதிரி. ஒரே மாதிரி என்பது எங்கோ துணியில் முள் மாட்டின மாதிரி என்னைப் பின்னால் இழுக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸில் ஏறின பிறகு வருமே, அந்த மாதிரி. விளக்கு அணைத்தேன். குழாய் மூடினேன். நான்காவது வீடு 'சுகவாசம்'. தண்ணீர் தெளித்தேன், உட்கார்ந்தேன், புள்ளி வைத்தேன். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. நடுவில் தாமரை.

எங்கள் வீட்டில் கோலம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் அக்கா வாசலில் ஒரு நட்சத்திரம் போடுவாள், அதுவும் சுண்ணாம்பில். எனக்குத் தெரிந்த ஒரே கோலம் காலேஜ் ஹாஸ்டலில் பொங்கல் போட்டிக்கு ஆள் குறைந்தபோது கற்றது, பக்கத்துக் கட்டில் தேன்மொழி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தாள். "ஜெசிந்தா, கையை ரொம்ப இறுக்காதே, மாவு தானா விழும்" என்பாள். இறுக்காமல் என்னால் எதுவும் செய்ய முடியாது. அதனால் கீழ்ப்பக்கம் வலது இதழ் வரும்போது கை அலுத்துத் தளர்ந்து மாவு கூடுதலாக விழுந்துவிடும், இதழ் வீங்கிவிடும். குமுதவல்லி மேடம் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். "என்னடி இது, இந்த ஒரு இதழ் மட்டும் பல்வலி வந்த கன்னம் மாதிரி இருக்கு?" என்றார். இரண்டாம் வாரம், "உனக்கு இந்த ஒரு கோலம்தான் தெரியுமா? ஒரே கேள்வியைப் படிச்சிட்டுப் பரீட்சைக்கு வந்தவ மாதிரி தினமும் இதையே எழுதற" என்றார். நானும் சிரித்தேன். இப்போது 'சுகவாசம்' வாசலில் அந்த வீங்கிய இதழை முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, படியில் வைத்திருந்த பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்து நின்று பார்த்தேன். பனி கொஞ்சம் விலகியிருந்தது. ரோட்டின் கீழே திரும்பிப் பார்த்தால் மூன்று வாசல்கள் தெரிந்தன, மூன்றிலும் தாமரை, மூன்றிலும் வலது இதழ் வீங்கி. டைமர் இல்லை. டைமர் நான்தான்.

உட்கார்ந்துவிட்டேன், வராந்தாவில் இல்லை, ரோட்டு ஓரத்துக் கல்லில். கவுனை மாற்றினேன், செருப்பைக் கவிழ்த்தேன், துணியை நனைத்தேன், எல்லாம் செய்துவிட்டு ஒவ்வொரு காலி வீட்டு வாசலிலும் காலி வீடு என்று என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். யார் வீட்டுப் பெண்களாவது தெரு முழுக்க ஒரே கோலம் போடுவார்களா? பக்கத்து வீட்டில் தாமரை என்றால் அதற்காகவே இவள் மயில் போடுவாளே. இது எங்கள் அக்காவுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியாமல் இருக்கலாம், பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அவன் அம்மாவும் பெண்டாட்டியும் கோலம் போடுகிறவர்களாக இருந்தால் தெரியாமலா இருக்கும்? தண்டபாணி சாரிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால் சாவி வைத்திருப்பவள் நான். ஸ்டேஷன், அப்பா, வாசல், மறுபடியும் அதே. எத்தனை நேரம் இதையே சுற்றிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, கையில் பால் பாக்கெட் கனத்தது. அப்போதுதான் அது யாருக்கான பால் என்று உறைத்தது. முதலில் என்னைப் பற்றித்தான் பயந்தேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

மேடத்தின் வாசலிலும் அதே தாமரைதான். அவர் வராந்தா விளக்குப் போடமாட்டார், பூச்சி வரும் என்பார். பள்ளத்தாக்கைப் பார்த்த பின்னறையில்தான் இருப்பு, படுக்கை, டிவி எல்லாம். துணி பின்பக்கக் கொடியில். செருப்பை நாய் ஒரு தடவை கவ்விக்கொண்டு போனதிலிருந்து உள்ளேதான் விடுவார். ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் நகரில் ஆள் இல்லாத வீடுகளில் எல்லாம் ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிற ஒரே வீட்டில் ஆள் இல்லை. அந்த வாசலில் இருக்கிற ஒரே அடையாளம் என் கோலம், அதுவும் இது காலி வீடு என்று சொல்கிறது. ராத்திரி காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். "கழட்டி வச்சிட்டா மலையே இடிஞ்சாலும் எனக்குத் தெரியாது. அதுதான்டி சுகம்." யாரும் இல்லை என்று நினைத்து உள்ளே வருகிறவன் கையில் என்ன வைத்திருப்பான்? ஜன்னல் கம்பியை நெம்புகிற கடப்பாரை. இருட்டில் கட்டிலில் இருந்து ஒருத்தி எழுந்தால் அவன் என்ன செய்வான்? மீதி வீடுகளை விட்டுவிட்டு ஏறினேன். ஓடினேன் என்று சொல்ல முடியாது, ஏற்றம். மூச்சில் காபிப் பழம் அழுகிய வாசனை. அழித்துவிடலாம், போனதும் காலால் தேய்த்து அழித்துவிடலாம். அழித்துவிட்டால் வெறும் வாசல். வெறும் வாசல் என்றால் எழவு வீடு, அவரே சொன்னது. வேறு கோலம் போடலாம், வேறு கோலம் தெரியாது. போனில் பார்த்துப் போடலாம், எது போட்டாலும் அந்தக் கை என் கைதான், எங்காவது ஒரு இடத்தில் வீங்கும்.

மேடம் கேட் அருகிலேயே கைத்தடியோடு நின்றிருந்தார். "ஏன்டி, பாலுக்குப் பூஜை பண்ணி எடுத்திட்டு வரியா? டிகாஷன் ஆறி அவலாப் போச்சு." நான் அவர் காலடியில் நேற்றைய தாமரையைப் பார்த்தேன். கலையாமல் இருந்தது. அதை மிதிக்க இந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள்? மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், டைமர், பிடிபட்டவன், மூன்று வாசல், வீங்கிய இதழ். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சின்னப்பிள்ளை குரலாகக் கேட்டது. பைத்தியம் என்பார், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. காதுக் கருவியை ஒரு தடவை தொட்டுச் சரிசெய்தார், சரியாகக் கேட்டதா என்று பார்க்கிறவர் போல.

"அப்போ என் வாசலைப் பாத்தா?" என்றார்.

"காலி வீடு மாதிரி இருக்கு மேடம்."

"மாதிரி என்ன மாதிரி" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார். பனியில் ரோடு இல்லை. பிறகு, "அழி அதை" என்றார்.

"அழிச்சா வெறும் வாசலாயிடும். நீங்கதான் எழவு வீடு மாதிரின்னு..."

"அழிடின்னா."

காலால் அழிக்கத் தயங்கித் துடைப்பத்தால் கூட்டினேன். தண்ணீர் தெளித்தேன். அவர் கையை நீட்டினார், மாவு டப்பாவைக் கொடுத்தேன். குனியப் போகிறார் என்று நினைத்துப் பிடிக்கப் போனேன். "தள்ளிக்கோ" என்றார். கைத்தடியை இடது கையில் ஊன்றிக்கொண்டு, நின்ற வாக்கிலேயே, இடுப்பு உயரத்திலிருந்து ஒரு பிடி மாவை விட்டார். கோடு வரவில்லை. காற்றில் பாதி என் பாவாடையில் விழுந்தது. மறுபடி ஒரு பிடி, தடியை நகர்த்தி ஒரு அடி, மறுபடி ஒரு பிடி. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, மாவு மூட்டை ஓட்டையாகி யாரோ அதைத் தூக்கிக்கொண்டு நடந்த மாதிரி வாசலை ஒரு சுற்றுச் சுற்றியது. நடுவில் கைத்தடியின் ரப்பர் நுனி பதிந்த வட்டங்கள். அவருடைய கால் பதிந்த இடமும் இருந்தது, ஒரு கால் ஆழமாக, ஆபரேஷன் செய்த கால் லேசாக. முடித்தபோது நெற்றியில் வேர்த்திருந்தது. டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே ரோட்டுக்கு இறங்கிப் போய் நின்று, அங்கிருந்து தன் வாசலைத் தானே பார்த்தார். திருடன் பார்க்கிற இடம் அது.

"இப்ப ஆள் இருக்கிற மாதிரி இருக்கா?" என்று அங்கிருந்து சத்தமாகக் கேட்டார்.

"இருக்கு மேடம்" என்றேன்.

"எப்படிப்பட்ட ஆளு?"

"கொஞ்சம் கோபக்கார ஆளு."

"அது போதும்" என்றார். "தினமும் பால் கொண்டு வர்றப்போ டப்பாவையும் கொண்டா. உன் தாமரையைக் கீழேயே வச்சுக்க."

அன்று மத்தியானமே தண்டபாணி சாருக்குக் குரல் பதிவு அனுப்பினேன், கோலம் இனி எந்த வாசலிலும் வேண்டாம் சார், காரணம் இது என்று. மூன்று தடவை பேசி அழித்து நான்காவதை அனுப்பினேன். வேலை போகவில்லை. "நல்லா யோசிக்கிறம்மா, ஆனா முதல்லயே யோசிச்சிருக்கலாம்" என்று பதில் வந்தது.

பச்சமுத்து அண்ணன் சொன்னது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது என்று தொடக்கத்தில் எழுதினேன். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறி அந்த லேஅவுட்டுக்குப் போய் விசாரித்தேன். திருடர்கள் வந்தது உண்மை. டைமர் உண்மை. அவர்கள் புகுந்த வீடு காலி வீடு என்பதுதான் உண்மையில்லை. உள்ளே ஒருவர் தனியாகக் குடியிருந்தார், எழுந்து விளக்கைத் தேடிப்போய் விழுந்ததில் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. கண் சரியாகத் தெரியாதவர் என்பதால் அவர் வாசல் விளக்குக்கும் டைமர் வைத்துக் கொடுத்திருந்தார்கள், ஓர் உதவியாக.